2 லட்சம் டாலர் பியானோவுல அந்தக் காசு எங்க போகுது?

கேள்வி இதுதான்: "ஒன்பது அடி கிராண்ட் பியானோ ஒண்ணு 2 லட்சம் டாலருக்கு மேலன்னு பார்த்தேன். என் வீட்டு டிஜிட்டல் பியானோலயே கிராண்ட் பியானோ சவுண்டு நல்லா வருது. இவ்வளவு காசு வேலைக்கா, பேருக்கா? வாங்கிப் போட்டா பழைய வயலின் மாதிரி விலை ஏறுமா?"

மொதல்ல உங்க டிஜிட்டல்ல வர்ற சவுண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. ஸ்டூடியோல ஒரு நிஜ கிராண்டை நிறுத்தி, ஒவ்வொரு கீயையும் மெதுவா, கொஞ்சம் பலமா, ரொம்ப பலமான்னு அடிச்சு அடிச்சு ரெக்கார்டு பண்ணி சிப்ல ஏத்தி வச்சதுதான் அது. யமஹா கிளாவினோவா மெனுவைத் திறந்தீங்கன்னா சிஎஃப்எக்ஸ், போசன்டார்ஃபர் இம்பீரியல்னு பேரே போட்டிருக்கும், ரெண்டுமே நீங்க கேக்குற அதே விலை ரேஞ்சுல இருக்குற கச்சேரி கிராண்டுங்க. ஆக, ஊர்ல யாரோ ஒருத்தர் அந்தக் காசைக் கொட்டினதாலதான் உங்களுக்கு அந்த சவுண்டே கிடைச்சிருக்கு.

நான் விக்கிறவன் இல்ல. ட்யூனிங், ரிப்பேர்னு இருபது வருஷத்துக்கு மேல இதே பொழப்பு, அதனால ரெண்டு பக்கமும் பேச முடியும். வேலைக்குன்னு போற காசு நிஜம், பேருக்குன்னு போற காசும் நிஜம், விலை ஏறும்ங்கிறது மட்டும் பெரும்பாலும் கடைக்காரர் சொல்ற கதை. இனி ஒவ்வொண்ணா வரேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நீங்க பார்த்தது அனேகமா ஸ்டைன்வே மாடல் டி. 274 செ.மீ நீளம், ஏறக்குறைய 480 கிலோ, பார்ட்ஸ் 12,000க்கு மேலன்னு கம்பெனியே சொல்லுது, செஞ்சு முடிக்க ஒரு வருஷம் ஆகுது. இவ்வளவு நீளம் கெத்துக்காக இல்ல. இடது ஓரத்துல இருக்குற கடைசி கீ 27.5 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழ சுருதி வேணும்னா கம்பி நீளமா இருக்கணும், இல்லேன்னா கனமா இருக்கணும். சின்ன பேபி கிராண்ட்ல நீளத்துக்கு இடம் கிடையாது, அதனால எஃகுக் கம்பி மேல செம்பை சுத்தி சுத்தி கனமாக்குறாங்க (டி-லயும் செம்பு சுத்துறாங்கதான், ஆனா அங்க கீழ் சுரத்துக்கான பெரிய பாஸ் கம்பி 2 மீட்டர் நீளம்). குட்டையா தடியா இருக்குற கம்பி ஒழுங்கா ஆடாது, இரும்புத் தடி மாதிரி விறைப்பா ஆடும், அதுலேர்ந்து பிறக்குற மேல் ஒலியெல்லாம் கணக்குப்படி இருக்கவேண்டிய இடத்தை விட்டுக் கொஞ்சம் மேல ஏறிப்போயிடும். கேக்குறவங்களுக்கு அது "என்னமோ தகர டப்பா மாதிரி இருக்கே"ன்னு தெரியும், ட்யூன் பண்ற எங்களுக்கு அது நிஜமாவே தலைவலி, சின்ன பியானோல பாஸ் பக்கம் எந்த ஆக்டேவும் முழுசா ஒத்துப்போகாது, எங்கயாவது விட்டுக்குடுத்துத்தான் நிறுத்தணும். பெரிய கிராண்ட்ல அந்தப் பஞ்சாயத்து ரொம்பக் கம்மி.

அடுத்து மரம். நியூயார்க்ல அஸ்டோரியாங்கிற இடத்துல இருக்கு ஃபேக்டரி. பியானோவைச் சுத்தி வளைஞ்சு போகுதே அந்த வெளிச்சுவர், அதை ரிம்னு சொல்வாங்க, அதுக்கு ஹார்ட் மேப்பிளை மெல்லிசா சீவி, டி-க்கு 18 அடுக்கு பசை தடவி ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, இருபது அடிக்கு மேல நீளமான அந்தக் கனத்தை ஒரு கும்பலா தூக்கிட்டுப் போய் பியானோ வடிவத்துல இருக்குற அச்சு மேல வளைச்சு கிளாம்ப் போட்டு இறுக்குறாங்க. பசை பிடிக்கிறதுக்குள்ள முடிக்கணும், நிமிஷக்கணக்குல வேலை, ஒருத்தர் கை தாமதிச்சாலும் மொத்தமும் வேஸ்ட். உள் ரிம்மையும் வெளி ரிம்மையும் ஒரே தடவைல வளைக்கிற இந்த முறை 19ம் நூற்றாண்டுல தியடோர் ஸ்டைன்வே கொண்டுவந்தது, இன்னிக்கும் அடிப்படை அதேதான். வளைச்ச ரிம் உடனே அடுத்த வேலைக்குப் போகாது. சூடும் ஈரமும் கட்டுப்படுத்தின ரூம்ல வாரக்கணக்குல சும்மா நிக்கும். சும்மா நிக்கிறதுக்கும் வாடகை, கரண்டு, முதலீடு முடக்கம்னு காசு ஆகும், நீங்க குடுக்குற 2 லட்சம் டாலர்ல ஒரு பங்கு இப்படி மரம் காத்துக்கிட்டு நிக்கிறதுக்குத்தான்.

ரிம் ஏன் அவ்வளவு கட்டியா இருக்கணும்னா, கம்பியோட அதிர்வு சுவர் வழியா வீணாப் போகாம திரும்ப சவுண்ட்போர்டுக்கே (கம்பிக்குக் கீழ இருக்குற பலகை) வரணும்ங்கிறது ஸ்டைன்வே சித்தாந்தம். 1828ல வியன்னால ஆரம்பிச்ச போசன்டார்ஃபர்காரங்க இதுக்கு நேர் எதிர். அவங்க ரிம்முக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தையே போடுறாங்க, சுவரும் சேர்ந்து பாடட்டும்னு விட்டுடுறாங்க. அதனாலதான் ஒண்ணுல சத்தம் ஹால் கடைசி வரிசை வரைக்கும் குத்திக்கிட்டுப் போகும், இன்னொண்ணுல பக்கத்துல உக்காந்து கேக்கக் கேக்க இதமா இருக்கும். எது ஒசத்தின்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, பிரம்ஸ் வாசிக்கிறவருக்கு ஒண்ணு பிடிக்கும், ஆர்க்கெஸ்ட்ராவோட மல்லுக்கட்டி வாசிக்கிறவருக்கு இன்னொண்ணு. போசன்டார்ஃபர் இம்பீரியல்ல இன்னொரு கூத்து உண்டு, 290 செ.மீ நீளம், 88க்குப் பதிலா 97 கீ. பாக்கோட ஆர்கன் இசையை பியானோவுக்கு மாத்தி எழுதினப்போ கீழ சுரம் பத்தலைன்னு இசையமைப்பாளர் புஸோனி கேட்டதாலதான் இது பிறந்துச்சு. அந்தக் கூடுதல் 9 கீயையும் வாசிக்கிறவங்க கை தெரியாம அதுமேல போயிடக்கூடாதுன்னு கறுப்பாப் பண்ணியிருப்பாங்க. அதை அடிக்கிற மாதிரி எழுதின இசை கொஞ்சம்தான், ஆனா பெடலை அழுத்தினா அந்தக் கம்பிங்க தானா அதிர்ந்து மத்த சுரங்களுக்குப் பின்னால ஒரு கனம் குடுக்கும்.

சவுண்ட்போர்டுதான் உயிர். கம்பி மட்டும் அதிர்ந்தா கொசு சத்தம்தான் வரும், அதை ரூம் முழுக்கக் கேக்க வைக்கிறது கீழ இருக்குற அந்த ஸ்ப்ரூஸ் பலகை. குளிர்ப் பிரதேசத்துல மெதுவா வளர்ந்த மரமா இருக்கணும், வளையங்கள் நெருக்கமா நேரா இருக்கணும், முடிச்சு இருக்கவே கூடாது, எடை கம்மியா விறைப்பு ஜாஸ்தியா வேணும். ஃபேக்டரிக்கு வர்ற ஸ்ப்ரூஸ்ல நிறைய இந்த ஒரு காரணத்துக்காகவே கழிஞ்சு போயிடும். இத்தாலில ஃபாட்ஸியோலி கம்பெனி இருக்கே, பாவ்லோ ஃபாட்ஸியோலி 1981ல சாச்சிலேங்கிற ஊர்ல ஆரம்பிச்சது, அவங்க ஆல்ப்ஸ் மலையோரம் ஃபியம்மே பள்ளத்தாக்குலேர்ந்து மரம் எடுக்குறாங்க, ஸ்ட்ராடிவாரி வயலினுக்கு மரம் போன காடுன்னு பேர் வாங்கின இடம். அந்தப் பேர்ல விளம்பரமும் இருக்கு, மரத்துல விஷயமும் இருக்கு.

அந்தப் பலகை தட்டையா இருக்காது. பாத்தா தெரியாத அளவுக்கு நடுவுல லேசா மேடு இருக்கும், கிரவுன்னு பேர். நடுவுல 9 மி.மீ போல தடிமன், ஓரம் போகப் போக மெலிசாயிடும். மேல பிரிட்ஜ் (கம்பியோட அதிர்வைப் பலகைக்குக் கடத்துற மரக்கட்டை), அதுமேல கம்பிங்க அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கும். அழுத்தம் ஜாஸ்தியானா பலகை மூச்சு முட்டி சுரம் சட்டுனு செத்துடும், கம்மியானா சத்தம் ஏறாது. இந்த வேலை பண்றவரை இங்கிலீஷ்காரங்க 'பெல்லிமேன்'னு கூப்பிடுவாங்க, குப்புறப் படுத்துக்கிட்டு வேலை செய்வாங்கங்கிறதால வந்த பேருன்னு சொல்றாங்க. பிரிட்ஜ்ல ஒவ்வொரு கம்பிக்கும் உளியால ஒரு வெட்டு வெட்டணும், கம்பி மரத்தை விட்டுக் கிளம்புற இடம், அங்க அடிச்சிருக்குற பின்னுக்கு (ஆணிக்கு) நேரா கறாரா இருக்கணும். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனா அந்த சுரம் மட்டும் ரீங்காரம் அடிக்கும், அப்புறம் ட்யூனரைத் திட்டுவாங்க.

இத்தனைக்கும் மேல இரும்பு. 230 சொச்சம் கம்பி, எல்லாத்தோட இழுவையும் சேர்த்தா 20 டன் கிட்ட வரும். மரம் மட்டும் தாங்காது, 1825ல பாஸ்டன்ல ஆல்ஃபியஸ் பேப்காக் ஒரே வார்ப்புல இரும்பு ஃபிரேமுக்கு பேட்டன்ட் வாங்கின பிறகுதான் பியானோ இவ்வளவு சத்தமா வளர முடிஞ்சுச்சு. வார்ப்பிரும்புக்கு அழுத்தத்தைத் தாங்குற பலம் பிரமாதம், ஆனா பொசுக்குனு ஒரு அடி விழுந்தா வெடிச்சுடும். பியானோ கலைஞர் க்ளென் கூல்டு உயிரா வச்சிருந்த சிடி 318ங்கிற ஸ்டைன்வேயை 1971ல ஏத்தி இறக்குறப்போ கீழ போட்டுட்டாங்க, ஃபிரேம் விரிஞ்சு போச்சு, எவ்வளவோ ரிப்பேர் பார்த்தும் பழைய குரல் அதுக்கு வரவேயில்ல. 2020 ஆரம்பத்துல இன்னொரு பியானோ கலைஞர் ஆஞ்சலா ஹெவிட்டோட ஃபாட்ஸியோலி எஃப்278, பெர்லின்ல ஒரு ரெக்கார்டிங் முடிஞ்சு வெளிய எடுத்துட்டுப் போறப்போ அதே கதி. நாலு பெடல் வச்ச ஒரே எஃப்278 அதுதானாம். பாவ்லோ ஃபாட்ஸியோலியே வந்து பார்த்துட்டு, இதைத் தேத்துறதுல அர்த்தம் இல்லேன்னுட்டார். ஃபிரேம் போனா ஏன் மொத்தமும் போச்சுன்னா, ரிம், சவுண்ட்போர்டு, பிரிட்ஜ், கம்பி எல்லாமே அந்த ஒரு ஃபிரேமுக்குன்னு அளவெடுத்துக் கையால பொருத்தினது, கடைலேர்ந்து இன்னொண்ணு வாங்கி உள்ள சொருக முடியாது.

ஆக்‌ஷன் (கீயை அழுத்தினா ஹேமர்ங்கிற சுத்தியலைத் தூக்கிக் கம்பியை அடிக்க வைக்கிற மெக்கானிசம்) பத்தி எழுத ஆரம்பிச்சா விடிஞ்சுடும், அதனால என்னை இன்னிக்கும் ஆச்சரியப்படுத்துற ஒண்ணை மட்டும் சொல்றேன். கீ 10 மி.மீ கீழ இறங்குது, ஹேமர் 45 மி.மீ மேல போகுது. ஆனா கம்பிக்கு ஒண்ணரை மி.மீ இருக்குறப்பவே மெக்கானிசம் ஹேமரை விட்டுடும், மிச்ச தூரத்தை அது தானாப் பறந்து போய்த்தான் அடிக்கும். அதாவது அடிக்கிற நேரத்துல வாசிக்கிறவர் விரலுக்கும் கம்பிக்கும் சம்பந்தமே கிடையாது, விடுற வேகம் ஒண்ணுதான் அவர் கைல இருக்கு. அதோட 1821ல எரார்ங்கிற பியானோ தயாரிப்பாளர் கொண்டுவந்த ஏற்பாட்டுல, கீ முழுசா மேல வராமலே பாதியிலேர்ந்து திரும்ப அடிக்கலாம். அப்ரைட்ல (கம்பி செங்குத்தா நிக்கிற பியானோ) அதே கீயை வேகமா திருப்பித் திருப்பி அடிக்கிறப்போ விரல் வழுக்குற மாதிரி ஒரு ஃபீல் இருக்கும்ல, கிராண்ட்ல அது இருக்காது. இதெல்லாம் 88 கீக்கும் ஒரே மாதிரி இருக்கணும், ஒவ்வொரு கீயும் இறங்க 50 கிராம் போல எடை கேக்கணும், அதுக்காக கீக்குள்ள ஓட்டை போட்டு ஈயம் வைக்கிறாங்க, ஸ்க்ரூவைக் கால் திருப்பு அரைத் திருப்புன்னு நாள்கணக்குல உக்காந்து திருப்புறாங்க. விலை கம்மி பியானோலயும் இதே பார்ட்ஸ் எல்லாம் இருக்கு, அந்த நாள்கணக்குதான் இருக்காது.

கடைசியா வாய்சிங், அதாவது ஹேமரைப் பதப்படுத்தி சுரத்தோட குணத்தைச் சரிபண்றது. ஹேமர் தலையில கம்பளி ஃபெல்ட்டை பயங்கர அழுத்தத்துல இழுத்து ஒட்டியிருப்பாங்க. ரொம்ப கெட்டியா இருந்தா சுரம் கீச்சுனு வரும், மெத்துனு இருந்தா போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். ஹாம்பர்க் ஸ்டைன்வேல கெட்டியான ஹேமரைப் போட்டு ஊசியால குத்திக் குத்தி இளக்குவாங்க, நியூயார்க்ல மெத்துனு இருக்குற ஹேமர்ல லாக்கர் விட்டு இறுக்குவாங்க, ஒரே கம்பெனி, ரெண்டு ஊர், ரெண்டு வழி. ஊசியை எங்க குத்தணும், எவ்வளவு ஆழம், எத்தனை தடவைங்கிறதுக்கு மீட்டர் எதுவும் கிடையாது. மிருதங்கத்துக்கு கரணை வைக்கிறவர் தேய்ச்சு தேய்ச்சு, தட்டித் தட்டிப் பார்த்து நிறுத்துவார்ல, அந்த மாதிரி காதுதான் கணக்கு. ஒரு குத்து ஜாஸ்தியானா திரும்பக் கொண்டுவர்றது பெரிய பாடு. நான் கத்துக்குற காலத்துல ஒரு ஸ்கூல் பியானோவோட மேல் ஆக்டேவை ஆர்வக்கோளாறுல குத்தித் தள்ளி பஞ்சு மூட்டை ஆக்கிட்டேன், புது ஹேமர் என் காசுல போட்டுத்தான் வெளிய வந்தேன்.

சரி, பேருக்குப் போற காசு. பெரிய கம்பெனின்னா தப்பே பண்ணாதுன்னு இல்ல. 1960கள்ல நியூயார்க் ஸ்டைன்வே, ஆக்‌ஷன்ல துணி புஷிங்குக்கு (அசையுற மூட்டுல உராயாம இருக்க வைக்கிற உறை) பதிலா டெஃப்லான் போட்டுப் பார்த்தாங்க. மரம் ஈரத்துல ஊதும் சுருங்கும், டெஃப்லான் அப்படி மாறாது, அதனால பருவம் மாறுறப்போ டிக் டிக்னு சத்தம், 80களோட ஆரம்பத்துல கைவிட்டுட்டுத் துணிக்கே திரும்பிட்டாங்க. அப்படி இருந்தும் மேடைல அவங்க ராஜ்யம் ஏன்னா, பியானோ மட்டும் காரணம் இல்ல. கச்சேரிக்குன்னு ஊர் ஊரா டி-களை ரெடியா வச்சிருந்து ஆர்ட்டிஸ்ட் வந்து தேர்ந்தெடுக்குற மாதிரி ஒரு ஏற்பாட்டை நூறு வருஷத்துக்கு மேல நடத்துறாங்க. கூல்டோட பியானோ பேர்ல வந்துச்சே, அந்த சிடிங்கிறதுக்கே கச்சேரி டிபார்ட்மென்டோட டி-ன்னுதான் அர்த்தம். பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1986ல மாஸ்கோ போறப்போ தன் பியானோவையே கூட எடுத்துட்டுப் போனார். இப்படி சேர்ந்த பேருக்கு நீங்களும் ஒரு பங்கு குடுக்குறீங்க. பேரை எடுத்துட்டா மத்தவங்க சளைச்சவங்களான்னா இல்ல. வார்சா ஷோப்பான் போட்டியில 2010ல ஜெயிச்ச யூலியானா அவ்தேயேவா வாசிச்சது யமஹா சிஎஃப்எக்ஸ், 2021ல ஜெயிச்ச ப்ரூஸ் லியூ வாசிச்சது ஃபாட்ஸியோலி, ரெண்டு தடவையும் பக்கத்துலயே ஸ்டைன்வே நின்னுட்டுத்தான் இருந்துச்சு. இன்னொரு பக்கம், வாசிக்கவே தெரியாத பணக்காரங்களுக்காக தானா வாசிக்கிற ஸ்பிரியோ மாடலை ஸ்டைன்வே 2015ல கொண்டுவந்தாங்க, அது நல்லாவே ஓடுது. இந்த விலையில விக்கிறதுல எத்தனைல தினம் ஒரு மனுஷ விரல் படுதுன்னு யோசிச்சா எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும்.

இப்போ விலை ஏறுமாங்கிறது. வயலினோட ஒப்பிடாதீங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. வயலின் ஒரு மரப்பெட்டி, முந்நூறு வருஷம் கழிச்சும் கம்பியை மாத்தி வாசிக்கலாம். பியானோ 20 டன் இழுவையில ராத்திரி பகலா நிக்கிற ஒரு மெஷின். ஃபெல்ட் தேயும், கம்பி களைச்சுப் போகும், கம்பியைச் சுத்தி இறுக்கியிருக்குற ட்யூனிங் பின் உக்காந்திருக்குற மரம் (பின்பிளாக்) தளரும், சவுண்ட்போர்டோட அந்த மேடு அமுங்கிப் போகும். பெரிய ஹால்ல எல்லாம் பத்துப் பதினஞ்சு வருஷத்துல கச்சேரி கிராண்டை மாத்திடுவாங்க. நூறு வருஷப் பழைய ஸ்டைன்வே பிரமாதமா இருக்குன்னா, உள்ள ஹேமர், கம்பி, பின்பிளாக், பல சமயம் சவுண்ட்போர்டே புதுசா இருக்கும், அந்த வேலைக்கு ஒரு புது நல்ல கிராண்டோட விலை ஆகும். மத்த பியானோங்களை விட ஸ்டைன்வே விலை நின்னு பிடிக்கும்ங்கிறது நிஜம், புது விலையை அவங்க வருஷா வருஷம் ஏத்திட்டே போறதால பழசும் கூடவே ஏறுற மாதிரி தெரியும். விலைவாசி, பராமரிப்பு, இடம் எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க, அதுக்கு பேங்க்ல எஃப்டி போட்டுட்டு நிம்மதியாத் தூங்கலாம்.

கோடிக்கணக்குல ஏலம் போறது வேற சாதி. குவீன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியோட யமஹா பேபி கிராண்ட் 2023ல லண்டன் ஏலத்துல 17 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. பியானோவா பார்த்தா அது ஒரு சுமாரான சைஸ் ஃபேக்டரி யமஹா, காசு முழுக்க அவர் விரலுக்கு. 1880கள்ல ஓவியர் அல்மா-டடீமா டிசைன் பண்ணின ஸ்டைன்வே 1997ல 12 லட்சம் டாலருக்குப் போனது மேல இருக்குற தந்த வேலைப்பாட்டுக்கும் ஓவியத்துக்கும். தந்தம்னதும் ஞாபகம் வருது, பழைய பியானோல கீ மேல யானைத்தந்தம் ஒட்டியிருந்தா நாடு விட்டு நாடு கொண்டுபோறது இன்னிக்கு பெரிய சட்டச் சிக்கல், ஆசைப்பட்டு வெளிநாட்டுல வாங்கிடாதீங்க.

நீங்க சென்னைன்னா இன்னொண்ணு. கடற்கரை ஊர்ல வருஷத்துல பாதி நாள் காத்துல ஈரம் பிழியும். ராத்திரி ஏசி, பகல்ல ஜன்னல் திறந்துன்னு வச்சீங்கன்னா சவுண்ட்போர்டு தினம் ஊதிச் சுருங்கும், ஆறு மாசத்துல சுருதி எங்கயோ போயிருக்கும். வெள்ளைக்காரன் காலத்துல இந்த ஊர்ங்களுக்குன்னே பித்தளை ஸ்க்ரூ போட்டுத் தனியா பியானோ பண்ணி அனுப்பினாங்க, அவ்வளவு படுத்தும் நம்ம வெயிலும் உப்புக்காத்தும். ரெண்டு லட்சம் டாலர் பியானோ வாங்கிட்டு ஈரப்பதத்தை 45-50 சதவீதத்துல நிறுத்த ஏற்பாடு பண்ணாதவங்க வீட்டுக்கு நான் ட்யூனிங் போயிருக்கேன், பாவமா இருக்கும், பியானோவைப் பார்த்துத்தான்.

வாங்கியே தீரணும்னா ஒன்பது அடி உங்களுக்கு வேண்டாம், சாதாரண ஹால்ல அது காதைக் கிழிக்கும். யமஹா ஜிபி1கேன்னு இந்தோனேசியால செய்யுற 151 செ.மீ குட்டி கிராண்ட் இருக்கு, டி விலையில பத்துல ஒரு பங்குதான், ஆனா மேல சொன்ன குட்டைக் கம்பி தொல்லை அதுல உண்டு, அதுக்கு ஒரு நல்ல உயரமான அப்ரைட்டே மேல். நிஜ கிராண்ட் வித்தியாசம் தெரியணும்னா ஆறு அடிக்கு மேல, நல்லா வச்சிருந்த பழைய ஜப்பான் பியானோ தேடுங்க. பார்க்கப் போறப்போ ஒரு டார்ச் எடுத்துட்டுப் போங்க, அடியில குனிஞ்சு சவுண்ட்போர்டுக்கும் அதுக்கு அடியில ஒட்டியிருக்குற ரிப்புங்கிற மரச்சட்டத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டிருக்கான்னு பாருங்க, ஹேமர்ல கம்பித் தடம் எவ்வளவு ஆழம்னு பாருங்க, மூலையில இருக்குற ஒரு கீயை அடிச்சு சுரம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எண்ணுங்க. மேல பாலிஷ் பளபளன்னு இருக்குறதைப் பார்த்து அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க, முதல்ல ஒரு ட்யூனரைக் கூட்டிட்டுப் போய் ட்யூனிங் பின் எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க.